கூடைக் கணக்கு – 9: 24 என்ற பொய்

2007 கோடையில், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி இரண்டே டிரேடுகளில் அடையாளம் தெரியாமல் மாறிப்போன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். சியாட்டிலிலிருந்து ரே ஆலன், மினசோட்டாவிலிருந்து கெவின் கார்னெட். கார்னெட் ஒருவருக்காக ஐந்து வீரர்களையும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளையும் கொடுத்தார்கள். மற்ற விவரம் வேண்டுவோர் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

புதிதாக வந்தவர்களுக்கு ஆட்ட நிமிடங்களைப் பங்கிட்டு, அணி பிளே-ஆஃபுக்குப் போகுமா என்று கணிப்பது எப்படி என்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பங்கிடத் தொடங்குமுன், கோடைக்கு முந்தைய அணி உண்மையில் எவ்வளவு மோசம் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. அந்த வரி இந்த வாரத்தையே விழுங்கிவிட்டது.

2006-07 சீசனில் செல்டிக்ஸ் 82 ஆட்டங்களில் வென்றது 24. நடுவில் தொடர்ச்சியாக 18 தோல்வி. அணியின் தூணான பால் பியர்ஸ் 35 ஆட்டங்களில் இறங்கவே இல்லை. அதே சீசனில் கிழக்குப் பிரிவின் எட்டாவது, அதாவது கடைசி, பிளே-ஆஃப் இடத்தைப் பிடித்த ஆர்லாண்டோ வென்றது 40. கணிக்க உட்காருகிறவரின் பென்சில் தானாகவே 24 என்று எழுதி, பக்கத்தில் 40 என்று எழுதி, நடுவில் 16 என்று போடும். ஒரே கோடையில் 16 வெற்றிகளைக் கூட்டுவது லேசான காரியமில்லை.

ஆனால் அந்த 24 பொய் சொல்கிறது.

செல்டிக்ஸ் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த பாயின்ட் 95.8, விட்டுக்கொடுத்தது 99.2. வித்தியாசம் வெறும் 3.4. இவ்வளவு சின்னக் குறையோடு ஆடும் அணி 82 ஆட்டங்களில் 31 வெல்ல வேண்டும். ஏழு வெற்றிகள் எங்கோ சிந்திப்போயிருக்கின்றன.

31 என்று எப்படித் துணிந்து சொல்கிறேன்? இங்கேதான் கான்சாஸ் மாநிலத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1970களில் அங்கே பீன்ஸ் டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றில் இரவுக் காவலாளியாக இருந்தவர் பில் ஜேம்ஸ். காவல் நேரத்தில் பேஸ்பால் கணக்குகளைப் போட்டுப் போட்டு, 1977இல் அவற்றைத் தன் செலவிலேயே புத்தகமாக வெளியிட்டார். பிறகு அவர் கண்டெடுத்தவற்றில் ஒன்று: அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் விட்டதன் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அணியின் வெற்றி விகிதம் ஏறக்குறைய வந்துவிடுகிறது. வர்க்கங்களைக் கூட்டுவதால் பிதாகரஸ் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. முக்கோணத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

1990களில் டேரில் மோரி என்ற இளைஞர் இதே சூத்திரத்தைக் கூடைப்பந்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் அடுக்கு பொருந்தவில்லை. எந்த அடுக்கு பொருந்தும் என்று தேடிப்போய் அவர் நின்ற எண் 13.91. இரண்டு எங்கே, பதினான்கு எங்கே! இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத எண் இதுதான்.

எதிராளியைவிட ஐந்து சதவீதம் கூடுதலாக எடுக்கும் அணியை எண்ணிப் பாருங்கள். பேஸ்பாலில் இரண்டாம் அடுக்கைப் போட்டால் 162 ஆட்டங்களில் 85 வெற்றி. பாதிக்குச் சற்றே மேல். கூடைப்பந்தில் அதே ஐந்து சதவீதத்துக்கு 13.91ஆம் அடுக்கைப் போட்டால் 82இல் 54 வெற்றி. அது கோப்பையைப் பற்றித் தைரியமாகப் பேசலாம் என்கிற அளவு. காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தில் ஓர் அணி எடுப்பது நாலைந்து ஓட்டம். கூடைப்பந்தில் ஒவ்வோர் அணியின் கைக்கும் 90 தடவைக்கு மேல் பந்து வருகிறது. தாயக்கட்டையை நாலு தடவை உருட்டி ஜெயிப்பவன் அதிர்ஷ்டசாலியாக இருக்கலாம். தொண்ணூறு தடவை உருட்டியும் அவனே ஜெயித்தால் கட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் கணிப்புக்காரர்கள் போன ஆண்டின் வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பாயின்ட் வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பாயின்டில் தோற்ற ஆட்டமும் முப்பதில் தோற்ற ஆட்டமும் பட்டியலில் ஒரே தோல்விதான். நெருங்கி வந்து தோற்கிற வழக்கம் அடுத்த சீசனுக்குக் கூடவே வருவதில்லை. பாயின்ட் வித்தியாசம் பெரும்பாலும் வருகிறது. (கிரெக் ஓடன், கெவின் டுரான்ட் என்ற இளம் வீரர்கள் இருவரில் ஒருவரை டிராஃப்டில் பிடிக்க பாஸ்டன் வேண்டுமென்றே தோற்றது என்று அன்று ஒரு பேச்சு இருந்தது. உண்மையாக இருந்தாலும் வீண். தோற்ற அணிகளுக்குக் கூடுதல் வாய்ப்புத் தந்து தேர்வு வரிசையைக் குலுக்கிப் போடும் லாட்டரியில் கிடைத்தது ஐந்தாம் இடம். அந்த ஐந்தாம் இடத்தைக் கொடுத்துத்தான் ரே ஆலனையே வாங்கினார்கள்.)

இனி கணக்கைத் திருத்திப் போடலாம். தொடக்கம் 31, இலக்கு 40, வேண்டியது ஒன்பது வெற்றி. என்.பி.ஏ.வில் ஆட்டத்துக்கு ஒரு பாயின்ட் முன்னேறினால் சீசனில் ஏறத்தாழ 2.7 வெற்றி கூடும். ஒன்பது வெற்றிக்கு 3.3 பாயின்ட் போதும். கார்னெட்டும் ஆலனும் முழு ஆண்டு ஆடும் பியர்ஸும் சேர்ந்து 3.3 பாயின்ட் தர மாட்டார்களா? அந்தக் கோடையில் எழுந்த பெரிய கேள்வி ‘ஒரு பந்தை மூன்று பேர் எப்படிப் பகிர்வார்கள்’ என்பது. பிளே-ஆஃபுக்குள் நுழைய அந்தக் கேள்விக்கு விடையே தேவைப்படவில்லை.

2007-08 சீசனில் நடந்த முன்னேற்றம் 3.3 அல்ல, 13.6. எடுத்தது 100.5, விட்டது 90.3; அதாவது 3.4 குறை 10.2 மிகையாக மாறியது. மோரியின் அடுக்கு 67 வெற்றி என்கிறது. செல்டிக்ஸ் வென்றது 66. ஒரே சீசனில் 42 வெற்றி ஏற்றம், என்.பி.ஏ. வரலாற்றிலேயே பெரியது. பகிர்வுக் கேள்விக்கும் விடை இருக்கிறது. முந்தைய சீசனில் மூவரும் அவரவர் அணியில் எடுத்த சராசரிகளைக் கூட்டினால் 73.8. பாஸ்டனில் சேர்ந்தபின் 55.8. பதினெட்டு பாயின்டை மூவரும் சேர்ந்து விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அணியின் முன்னேற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, விட்டுக்கொடுத்த பாயின்ட் குறைந்ததால் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கார்னெட்டுக்குப் போனது. தடுப்பு வியூகத்தை வகுத்த துணைப் பயிற்சியாளர் டாம் திபோடோவுக்கு விருது எதுவும் இல்லை. கோடையில் பாயின்ட் சராசரிகளை மட்டும் கூட்டிப் பார்த்தவர்கள் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று.

மோரியின் கதையில் ஒரு கிளை பாக்கி. அவர் 2003 முதல் 2006 வரை வேலை பார்த்தது செல்டிக்ஸில்தான்! இந்த மாயம் நடப்பதற்கு ஓராண்டு முன் கிளம்பி ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்குப் போய், 2007இல் அதன் பொது மேலாளரானார். அந்த முதல் சீசனிலேயே ஹூஸ்டன் தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றது. 2008 மார்ச்சில், ஹூஸ்டனிலேயே, 94-74 என்று அந்த ஓட்டத்தை நிறுத்தியது பாஸ்டன். பில் ஜேம்ஸும் அப்போது பாஸ்டனில்தான் இருந்தார், ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஆலோசகராக. சூத்திரத்தைக் கண்டவரும் அடுக்கைக் கண்டவரும் சில ஆண்டுகள் ஒரே ஊர் அணிகளிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

பிளே-ஆஃப் கணிப்பில் பிரிவும் முக்கியம் என்று தனியாக எழுத நினைத்திருந்தேன். இரண்டு எண் போதும்: அதே 2007-08 சீசனில் கிழக்கில் 37 வென்ற அட்லான்டா உள்ளே போனது, மேற்கில் 48 வென்ற கோல்டன் ஸ்டேட் வெளியே நின்றது. உள்ளே போன அட்லான்டா முதல் சுற்றில் 66 வென்ற செல்டிக்ஸை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது வேறு.

அலுவலகத்திலிருந்து இரண்டாவது போனும் வந்துவிட்டது, பக்கம் மூட வேண்டுமாம். ஆக நிமிடப் பங்கீடு அடுத்த வாரம்: ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியிடம் இருப்பது 240 நிமிடம், அதில் கார்னெட் ஆடியது மினசோட்டாவின் 39.4இலிருந்து பாஸ்டனில் 32.8 ஆகக் குறைந்தது ஏன் நல்ல செய்தி என்று பார்ப்போம். கூடவே 2012 லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். ஸ்டீவ் நாஷும் டுவைட் ஹவர்டும் வந்திறங்கிய கோடை அது. 38 வயது நாஷுக்கு ஒதுக்கிய நிமிடங்கள் சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்போடு முறிந்தன.

(தொடரும்)