முதலில் வகுப்பு, பிறகு பயிற்சி

நூறு வருடங்களுக்கு முன்பு இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டமொன்றில் வாத்தியாராவதற்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும். 1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் கடமையைத் தோட்டத்துரைமார் மீது சுமத்தியிருந்தது. துரைக்கு அது வீண் செலவு. கொழுந்து எடுக்க ஆள் தேடிய அளவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவர் ஆள் தேடவில்லை. கங்காணியின் உறவுக்காரரோ கோயில் பண்டாரமோ கணக்கப்பிள்ளை வேலைக்கென்று வந்து அது கிடைக்காமல் நின்றவரோ, கையருகில் இருந்த யாராவது ஒருவர் வாத்தியாரானார். அவருடைய முந்தைய தொழிலை யாரும் விசாரிக்கவில்லை. பயிற்சி என்ற பேச்சே எழவில்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் நடத்திய சில பள்ளிகளை விட்டால், மலையில் ஆசிரியர் வேலைக்கென்று ஆளைத் தயார்ப்படுத்திய இடம் அபூர்வம்.

லயத்தின் கோடியில் ஓர் அறை, அல்லது தகரக் கூரை போட்ட கொட்டகை. முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் அதற்குள். மூத்த பிள்ளை ஒன்றைச் சட்டாம்பிள்ளையாக நிறுத்திச் சின்னதுகளுக்கு அரிச்சுவடி சொல்லவிட்டு, வாத்தியார் மற்றவர்களுக்குக் கணக்குப் பார்ப்பார். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம் அது. அதே பழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ‘மெட்ராஸ் முறை’ என்று புத்தகம் போட்டுப் பரப்பினார். பதுளை மலையில் அதையே செய்த வாத்தியார்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. பள்ளி விட்டதும் அவர்களுக்கு வேறு வேலை காத்திருந்தது. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும், கந்தோரில் எழுத்து வேலைக்கும் கூப்பிடுவார்கள். படிப்பை மதிக்காத ஓர் அமைப்புக்குள் இருந்துகொண்டு அவர்கள் எழுத்தைக் காப்பாற்றினார்கள். அவர்கள் மீது எனக்குள்ள மரியாதை பெரிது.

1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. அந்த இழப்பு வகுப்பறையையும் தொட்டது. 1970களின் நடுப்பகுதிக்குள் தோட்டங்களும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தோட்டப் பள்ளிகளும் அரசின் கைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதவருக்கு அரச ஆசிரியர் நியமனம் கிடைக்காது என்ற நிலை. லயத்தில் பிறந்து நன்றாகப் படித்தவர்கூட வெளியே நிற்க, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களில் பசறையையும் ஹப்புத்தளையையும் தம் ஊராகவே ஆக்கிக்கொண்டு வாழ்நாளைக் கொடுத்தவர்கள் உண்டு. இடமாற்றக் கடிதத்தோடு வந்து இடமாற்றக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு.

மாற்றம் 1980களில் தொடங்கியது. குடியுரிமைச் சிக்கல் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ, தோட்டத்துப் பிள்ளைகளே தோட்டப் பள்ளிக்கு ஆசிரியராக வரத் தொடங்கினார்கள். பலர் பயிற்சி இல்லாமலே வகுப்பில் நின்றவர்கள். தொலைக்கல்வி வழியாக அவர்கள் பயிற்றப்பட்ட ஆசிரியரானார்கள். கிழமை நாளில் படிப்பிப்பு, இரவில் விளக்கடியில் பாட அலகு, சனி ஞாயிறிலும் பாடசாலை விடுமுறையிலும் நேரடி வகுப்பு. ஸ்வீடனின் சீடா நிறுவனம் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குப் பணமும் பயிற்சியும் கொடுத்தது. 1990களில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே இரண்டு வருடம் தங்கிப் படித்து, ஒரு வருடம் பாடசாலையில் பழகி, அதன் பிறகே நியமனம். வகுப்புக்கு முன்பே பயிற்சி என்ற ஒழுங்கு மலையகத்துக்கு அப்போதுதான் பெரிய அளவில் கிடைத்தது.

அந்த ஒழுங்கு நிலைக்கவில்லை என்பதே என் கவலை. வெற்றிடங்களைக் கல்லூரியால் மட்டும் நிரப்ப முடியவில்லை. 2014இல் வர்த்தமானி வெளியாகி, 2015இல் பெருந்தோட்டத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் அளவில் ஆசிரிய உதவியாளர்களை நியமித்தார்கள். உயர்தரம் சித்தியடைந்த இளைஞர்கள், யுவதிகள். கொழும்புக் கடையில் பில் போட்டவர், ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவர், முன்பள்ளியில் சின்னச் சம்பளத்துக்கு நின்றவர் என்று பல வழிகளில் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள், மலைக்குத் திரும்பி வந்து சோக்கட்டியைக் கையில் எடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அதே காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால், 620 ரூபாய். அந்தக் கணக்கில் தாயின் பத்து நாள் சம்பளம், படிப்பிக்கப் போன மகளின் மாதக் கொடுப்பனவைவிடக் கூட. பிறகு கொடுப்பனவு 10,000 ரூபாயாக உயர்ந்தது. அப்போதும் பஸ் காசும் சேலைச் செலவும் போனால் மிச்சம் கொஞ்சம்தான். முதலில் பாடசாலைக்குப் போ, பயிற்சி பிறகு வரும் என்பதே அவர்களுக்கும் கிடைத்த உத்தரவு.

ஒரு வேலையை விட்டு ஆசிரியராக வருபவரை உலகம் வேறு விதமாகவும் வரவேற்றிருக்கிறது. அமெரிக்காவில் 1990இல் டீச் ஃபார் அமெரிக்கா அமைப்பு, சுமார் 500 பட்டதாரிகளைக் கோடை விடுமுறையில் ஒன்றுசேர்த்து, சில வாரக் கடும் பயிற்சிக்குப் பிறகு வகுப்புக்கு அனுப்பியது. நியூயோர்க் நகரம் 2000இல் வேறு தொழில் பார்த்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் அப்படியொரு திட்டம் தொடங்கியது. சில வாரம் போதுமா என்று அங்கே இன்றுவரை சண்டை. போதாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சில வாரம்கூட மடுல்சீமையின் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு எதிரே போய் நின்ற உதவியாளருக்குக் கிடைத்ததா? அந்தப் பிள்ளையின் முதல் வருடம் திரும்பி வராது.

ஊவாவில் ஆடி, ஆவணி என்றால் கச்சான் காற்று. அந்தக் காய்ந்த காற்றில்தான் இந்த மாகாணத் தேயிலைக்கு அதன் பேர் பெற்ற மணம் ஏறுகிறது. வழக்கமான ஆகஸ்ட் விடுமுறையும் அந்தப் பருவத்தில்தான். புதிதாக வருபவர்களைப் பதுளையிலோ பண்டாரவளையிலோ அந்த வாரங்களில் தங்கவைக்கலாம், முழுக் கொடுப்பனவோடு. மூன்று வகுப்பை ஒரே மண்டபத்தில் வைத்து நடத்துவது எப்படி, வீட்டில் பேசும் தமிழோடு வரும் பிள்ளையைப் பாடப்புத்தகத் தமிழுக்கு வெட்கப்படுத்தாமல் கூட்டிப்போவது எப்படி, விடியவே மலைக்கு ஏறிவிடும் பெற்றோரோடு எந்த நேரத்தில் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கலாம். கல்வித் தத்துவ விரிவுரைகள் பிறகு வரட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறது. 1980களில் நுழைந்து, விடுமுறைகளைப் பயிற்சிக்குக் கொடுத்து, ஐந்து வகுப்பையும் தனியாளாக மேய்த்த அந்த ஆசிரியர்கள் இப்போது ஓய்வில், ஹாலிஎலையிலும் தெமோதரையிலும் லுணுகலையிலும் இருக்கிறார்கள். வலயக் கல்வி அலுவலகங்களில் அவர்களுடைய பெயரும் முகவரியும் இருக்கும். அறுபதைத் தாண்டியவர்கள், கூப்பிடுவதானால் இப்போதே கூப்பிட வேண்டும்.