உயரம் ஏற ஏற ராம்ஜெட் ஏன் அணைகிறது?

பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் ஏறக்கூடிய உச்ச உயரம் ஏறத்தாழ 7.6 கிலோமீற்றர். அங்கேயே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. 20 கிலோமீற்றரில் அது 14இல் ஒரு பங்குதான். அந்த மெல்லிய காற்றிலும் ராம்ஜெட் இயந்திரம் எரிய முடியுமா? பீரங்கிக் குண்டுக்கு ராம்ஜெட் செய்யும் சென்னை ஐ.ஐ.டி.க்கும், ஏவுகணைக்குச் செய்யும் இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுக்கும் இது முக்கியமான கேள்வி.

எப்படி இயங்குகிறது?

ராம்ஜெட்டில் சுழலும் விசிறி இல்லை. அதன் வேகமே காற்றை அமுக்குகிறது. அதனால் ரொக்கற்றோ பீரங்கியோ முதலில் அதை வேகமாகத் தள்ளிவிட வேண்டும். திண்ம எரிபொருள் வகையில், இறப்பர் போன்ற எரிபொருள் குழாயின் உட்சுவராக வார்க்கப்பட்டிருக்கும். சுவாலையின் சூட்டில் சுவர் ஆவியாகி, நடுவே பாயும் காற்றில் எரியும். வாயிலருகே உள்ள படியின் பின்னால் காற்று சுழன்று தங்கும். விளக்கைக் கையால் மறைப்பதுபோல, அந்த மறைவில்தான் சுவாலை நிலைக்கிறது.

எல்லை எங்கே?

ஒலியின் மும்மடங்கு வேகத்தில், இழப்பே இல்லையென்று கொண்டால், கடல்மட்டத்தில் உள்ளே சுமார் 36 வளிமண்டல அமுக்கம் உருவாகும். 20 கிலோமீற்றரில் அது 2 ஆகும்; 30 கிலோமீற்றரில் அரைக்கும் குறைவு. அமுக்கம் குறைந்தால் இரசாயனத் தாக்கம் மந்தமாகும். காற்றோ சில மில்லிசெக்கன்களில் அறையைக் கடந்துவிடும். எரிய வேண்டிய நேரம் தங்கும் நேரத்தை மிஞ்சினால் சுவாலை அடித்துச் செல்லப்படும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றோட்டம் பாதியானால் சுவர் ஆவியாவது பாதியாகாது. அதைவிடக் குறைவாகவே தணியும். கலவையில் எரிபொருள் மிஞ்சும். அதைக் குறைக்க வால்வு இல்லை. கன அளவுக்கு அதிக வெப்பம் தரும் போரனைச் சேர்த்தாலும், அதன் துகளை மூடிய ஒட்சைட்டுப் படலம் தீப்பற்றுவதைத் தடுக்கிறது.

வழி என்ன?

எரிபொருளைத் தனி அறையில் அரைகுறையாக எரித்து, அந்தச் சூடான வாயுவை வால்வினால் அளந்து காற்றோடு கலப்பது ஒரு வழி. 2022 ஏப்ரல் 8 அன்று ஒடிசாவின் சண்டிப்பூரில் டி.ஆர்.டி.ஓ. சோதித்தது இவ்வகையே, ஐரோப்பாவின் மீட்டியோர் ஏவுகணையிலும் இதுவே உள்ளது. ஆனால் வால்வு கலவையைத் திருத்துமே தவிர, காற்றைக் கூட்டாது. ஆகவே, ஒரு ராம்ஜெட் இவ்வளவு தூரம் போகும் என்ற செய்தியைப் படித்தால், எந்த உயரத்தில், எந்த வேகத்தில் என்று கேட்க வேண்டும். அவை இல்லாத எண்ணுக்குப் பொருள் குறைவு.