நால்வர் இசையும் நால்வர் பிழைப்பும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

பாடகர் இல்லை, தாளக்கருவி இல்லை, கோலசைத்து வழிநடத்தும் இசை நடத்துநரும் இல்லை. மேடையில் நான்கு நாற்காலிகள். அவற்றில் நான்கு பேர். இருவர் கையில் வயலின். ஒருவர் கையில் அதைவிடச் சற்றுப் பெரிய, குரல் தடித்த வியோலா. இன்னொருவரின் முழங்கால்களுக்கிடையே நான்கடி உயரச் செல்லோ. மேலைநாட்டார் இதனை 'ஸ்டிரிங் குவார்ட்டெட்' என்பர். நாம் 'தந்தி நால்வர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்த நால்வர் எப்படி ஒரு குழுவாகிறார்கள், அதைக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். இயற்பியல் மாணவிக்கு இதில் என்ன வேலை என்று தோழியர் கேட்கலாம். என்னை இதற்குள் இழுத்துவிட்டது எங்கள் ஒலியியல் பாடம்தான்.

அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரண்டு இசைக்கவைகளை ஒன்றாகத் தட்டினால் ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். விம்மல் என்று படித்திருக்கிறோம். இசைவாணர்கள் சுருதி சேர்ப்பது இந்த விம்மலை ஒழிக்கத்தான் என்று பேராசிரியர் வகுப்பில் சொன்னார். 'அப்படியானால் நான்கு பேரும் விம்மலின்றிச் சுருதி சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது' என்றுதான் நான் எண்ணினேன். வீட்டில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரிந்தது.

நம் வித்துவான்கள் வயலின் தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டுகிறார்கள். மேலைநாட்டாரோ அடுத்தடுத்த தந்திகள் எல்லாம் ச-ப இடைவெளியில், அதாவது 3:2 விகிதத்தில் இருக்குமாறு கூட்டுவர். நால்வரும் பொதுவாகக் கொள்ளும் தந்தி வினாடிக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினால் 293.3, 195.6, 130.4 என்று வரும். கடைசியில் வந்தது வியோலாவின் மிகத் தாழ்ந்த தந்தி. 440 இலிருந்து ஒரு படி ஏறினால் 660; இது வயலினின் மிக உயர்ந்த தந்தி. இந்த உயர்ந்த தந்தியும் அந்தத் தாழ்ந்த தந்தியும் சேர்ந்து ஒலிக்கும்போது, உயர்ந்தது தாழ்ந்ததற்கு இரண்டு ஸ்தாயி மேலே உள்ள அந்தர காந்தாரமாக நிற்க வேண்டும். சுத்தமான காந்தாரம் என்றால் சரியாக ஐந்து மடங்கு. 130.4 ஐ ஐந்தால் பெருக்கினால் 652 தான் வருகிறது. ஆனால் வயலின்காரர் வைத்திருப்பது 660. வினாடிக்கு எட்டு விம்மல்!

யார் மேல் குற்றம்? யார் மேலும் இல்லை. வியோலாக்காரர் தம்மளவில் சரி. வயலின்காரர் தம்மளவில் சரி. இருவரும் சேர்ந்தால் அபசுரம். அன்றிரவு இந்தக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். இதற்கு அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு ச-ப இடைவெளியையும் மயிரிழை குறுக்கிக்கொள்வது. விரல் பதித்து வாசிக்கும் ஸ்வரங்களில் அந்தந்தக் கூட்டொலிக்கு ஏற்ப விரலை நகர்த்திச் சரிசெய்வது. எந்த இடத்தில் யார் நகர்வது, யார் நிலைத்து நிற்பது என்பதற்குத்தான் நாள்தோறும் மணிக்கணக்கில் ஒத்திகை.

நிற்க. இக்கலையின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். ஆஸ்திரியாவில் பிறந்த ஹைடன் (1732 - 1809) தந்தி நால்வர் இசையின் தந்தை எனப்படுபவர். அறுபதுக்கும் மேற்பட்ட நால்வர் இசைகளை அவர் எழுதினார். பீத்தோவன் எழுதியவை 16, ஷோஸ்டகோவிச் 15, பார்ட்டோக் 6. தொடக்கத்தில் இது செல்வர் வீட்டுக் கூடங்களில் நண்பர்கள் கூடி வாசித்த இசை. அதைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்கள் முன் வாசிக்கும் தொழிலாக்கியவர்களுள் முன்னோடி வியன்னாவின் ஷுப்பான்சிக். 1804 இல் அவர் அத்தகைய கச்சேரிகளைத் தொடங்கினார். 1808 இல் ரசுமோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரபு அவரது தலைமையில் ஒரு குழுவைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார். 1814 டிசம்பர் 31 இரவு பிரபுவின் மாளிகை தீப்பற்றி எரிந்தது. 1816 இல் குழுவும் கலைந்தது. புரவலர் ஒருவரை மட்டும் நம்பிய பிழைப்பு அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

எங்கள் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர். ஓர் இரவு நான் கைப்பேசியில் ஹைடன் கேட்டுக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்து, வாசிப்பவர்களைச் சற்று நேரம் பார்த்தார். இசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஏஞ்சாமி, அந்த நாலு பேர்த்துக்கும் கூலிய எப்படிப் பிரிப்பாங்க? மொத ஆளுக்குச் சேத்துத் தருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர்கள் செட்டில் யார் எத்தனை மூட்டை தூக்கினாலும் சரிபங்கு. ஆகவே அது வேடிக்கைக் கேள்வி அன்று. எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

பழைய நாளில் குழு என்பது முதல் வயலின்காரரின் உடைமை போன்றது. அவர் பெயரே குழுவின் பெயர்; பெர்லினில் புகழ்பெற்றிருந்த யோவாகிம் குழு அப்படித்தான். ஆனால் 1917 இல் புடாபெஸ்ட் இசைநாடக அரங்கின் வாத்தியக்காரர் நால்வர் கூடித் தொடங்கிய புடாபெஸ்ட் குழு, தனக்கென்று சில விதிகளை வகுத்துக்கொண்டது. இசையானாலும் பணமானாலும் தகராறு வந்தால் வாக்கெடுப்பு. குழுவுக்கு வெளியே யாரும் தனியாக வாசிக்கக் கூடாது. ஊதியம் நால்வருக்கும் சமம். தலைவருக்கென்று தனிப்பங்கு இல்லை. மனைவியரும் காதலியரும் ஒத்திகைக்கு வரக் கூடாது! (கடைசி விதியைப் படித்து எங்கள் அம்மா என்ன சொன்னார் என்பதை இங்கு எழுதுவதற்கில்லை.) சமபங்கு விதியைச் சொன்னதும் அப்பா, "அப்ப நம்ம செட்டு மாதிரிதான்" என்றார்.

சமபங்கு சரி, பங்கிட என்ன இருக்கிறது? பெரிய வாத்தியக் குழுவில் சேர்ந்த வயலின்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு. நால்வர் குழுவில் சேர்பவருக்கு அந்த உறுதி இல்லை. கச்சேரிக்கு வரும் தொகையில் ஏற்பாட்டாளரின் கழிவு போகும். பயணச் செலவு போகும். மிஞ்சியதை நாலாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பயணச் செலவிலும் ஒரு விந்தை உண்டு. செல்லோவை விமானத்தின் சரக்கறையில் போட்டால் உடைந்துவிடும் என்பதால் அதற்கென்று தனி இருக்கை வாங்குவார்கள். நால்வர் பயணத்துக்கு ஐந்து டிக்கெட்! "பொட்டிக்கு டிக்கெட்டா?" என்று அப்பா அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பதன் விலையோ பெரும்பாலான கலைஞர்களால் எட்ட முடியாதது. இத்தாலியில் ஸ்டிராடிவாரி செய்த, ஒரு காலத்தில் பகனினியிடம் இருந்த நான்கு கருவிகளை ஜப்பானின் நிப்பான் இசை அறக்கட்டளை 1994 இல் வாங்கியது. அவற்றை டோக்கியோ குழுவினர் 1995 முதல் தம் குழு கலைந்த 2013 வரை இரவலாக வாசித்தனர். இரவல் கருவியில்தான் உலகப் புகழ். இன்றைய குழுக்கள் பலவற்றுக்கும் இதுவே நிலை.

எனவே பெரும்பாலான குழுக்களுக்கு நிலையான கூரை ஒன்று வேண்டியிருக்கிறது. புடாபெஸ்ட் குழுவுக்கு அது வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம். 1940 முதல் 1962 வரை அவர்கள் அங்கே ஆண்டுதோறும் வாசித்தார்கள். நூலகத்துக்குச் சொந்தமான ஸ்டிராடிவாரி கருவிகளையே பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 1975 இல் புடாபெஸ்டில் மாணவர்களாகத் தொடங்கிய தக்காச் குழு, பின்னர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நிலைகொண்டது. எமர்சன் குழு 2002 முதல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியது. பாடம் சொல்லிக் கொடுப்பது, ஊதியம் பெறுவது, மிஞ்சிய நாளில் ஊர் ஊராக வாசிப்பது என்பதே இன்றைய வாழ்க்கைமுறை. நம் கல்லூரியில் நால்வர் கொண்ட இசைத்துறை ஒன்று வேதியியல் ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். சென்னையிலும் வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' என்ற குழுவை அமைத்து, நம் கீர்த்தனைகளை நால்வர் இசையாக்கினார். அவர் திரைப்பட இசைப்பதிவுகளில் வாசித்தவர்.

எத்தனையோ குழுக்களைப் பற்றிப் படித்தும் என் மனத்தை விட்டு நீங்காதது அமடேயஸ் குழு. நோர்பர்ட் பிரைனின், சீக்மண்ட் நிஸல், பீட்டர் ஷிட்லாஃப் ஆகிய மூவரும் யூத இளைஞர்கள்; மூவரும் வயலின் பயின்றவர்கள். 1938 இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தன் நாட்டோடு இணைத்தபின் அங்கிருந்து தப்பி இங்கிலாந்து சேர்ந்தார்கள். போர் மூண்டது. யாரிடமிருந்து தப்பி ஓடிவந்தார்களோ அவர்களுடைய நாட்டினர் என்ற காரணத்தால், 1940 இல் ஆங்கில அரசு இவர்களைப் 'பகை நாட்டார்' என்று முகாமில் அடைத்தது! அந்த முகாம்களில்தான் இவர்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் மாக்ஸ் ரோஸ்டல் என்ற ஆசிரியர் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். அவரும் அகதியாக வந்தவரே. பின்னர் மார்ட்டின் லவெட் என்ற லண்டன் இளைஞர் செல்லோவுடன் வந்து சேர்ந்தார்.

இப்போது ஒரு சிக்கல். குழுவில் மூன்று வயலின்காரர்கள், வேண்டியவர்கள் இருவரே. ஒருவர் வியோலாவுக்கு மாறியாக வேண்டும். ஷிட்லாஃப் மாறினார். இது சிறிய செயல் என்று நினைக்க வேண்டாம். வயலின்தான் மெட்டைத் தாங்கி முன்னே நிற்பது. வியோலா நடுக்குரல், கூட்டத்தில் கேட்பவர் காதுக்கு எளிதில் எட்டாதது. சிறு வயது முதல் கற்றதை ஓரத்தில் வைத்துவிட்டு அவர் அதை எடுத்தார். பின்னாளில் உலகின் தலைசிறந்த வியோலாக் கலைஞர்களுள் ஒருவரானார். நிஸலும் இரண்டாம் வயலினை ஏற்றுக்கொண்டார். இரண்டாம் வயலின் என்றால் இரண்டாந்தரம் என்று கருதுவோர் உண்டு; அது தவறு. முதல் வயலின் மேலே பறக்கும்போது கீழே தாளத்தையும் சுருதியையும் பிடித்து நிறுத்துபவர் அவரே. பிரைனினோ 1946 இல் கார்ல் ஃப்ளெஷ் பரிசு பெற்றவர். தனிக் கலைஞராகவே புகழ் தேடியிருக்கலாம்.

1948 ஜனவரி 10 அன்று லண்டன் விக்மோர் ஹாலில் 'அமடேயஸ்' என்ற பெயரில் முதல் கச்சேரி. அதற்கான பணத்தைக் கொடுத்து உதவியவர் இமோஜென் ஹோல்ஸ்ட் என்ற அம்மையார். இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் மகள். அன்று தொடங்கிய நால்வர் அதன்பின் மாறவே இல்லை. 1976 டிசம்பர் 4 அன்று ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் மறைந்தார். அவரது கடைசி நால்வர் இசையை இவர்கள் டிசம்பர் 19 அன்று ஸ்னேப் என்னும் சிற்றூர் அரங்கில் முதன்முதலாக வாசித்தார்கள். எழுதியவர் இல்லாத அவையில் அதை வாசிக்கும்போது அந்த நால்வர் மனம் எப்படி இருந்திருக்கும்!

நால்வரில் ஒருவர் விலகினால் என்ன செய்வது என்பது இத்தொழிலின் பெருங்கேள்வி. பெரும்பாலோர் ஆள் மாற்றிக்கொண்டு தொடர்கிறார்கள். புடாபெஸ்ட் குழுவில் ஒவ்வொருவராக மாறி மாறி, 1936 க்குள் ஹங்கேரியர் ஒருவர்கூட இல்லாமல் நால்வரும் ரஷ்யாவில் பிறந்தவர்களாகவே இருந்தார்கள். பெயர் மட்டும் புடாபெஸ்ட். ஜூலியார்டு குழுவில் முதல் வயலின்காரர் ராபர்ட் மான் 1946 முதல் 1997 வரை இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பின்னும் குழு நடக்கிறது. 1964 இல் தொடங்கிய குவார்னெரி குழு 2001 வரை அதே நால்வருடன் இருந்தது. அவ்வாண்டு செல்லோக் கலைஞர் டேவிட் சோயர் ஓய்வு பெற, அவருடைய மாணவர் பீட்டர் வைலி அந்த நாற்காலியில் அமர்ந்தார். 2009 இல் குழுவே ஓய்வு பெற்றது. எமர்சன் குழுவில் வயலின்காரர் இருவரும் முதல் இடத்தையும் இரண்டாம் இடத்தையும் முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் 2023 அக்டோபரில் நியூயார்க்கில் கடைசியாக வாசித்தபோது, பத்து ஆண்டுகளுக்கு முன் விலகிய பழைய செல்லோக் கலைஞரும் வந்து சேர்ந்து, ஷூபெர்ட்டின் ஐவர் இசையை வாசித்து முடித்தார்கள்.

அமடேயஸ் குழுவில் ஷிட்லாஃப் 1987 ஆகஸ்டில் திடீரென்று இறந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மற்ற மூவரும் வாசிக்கத் தக்க உடல்நிலையில்தான் இருந்தார்கள். வியோலா வாசிப்போருக்கும் பஞ்சமில்லை.

"அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டாங்களா?" என்று அப்பா கேட்டார்.

போடவில்லை. குழுவைக் கலைத்துவிட்டார்கள். மூவரும் இளைஞர் குழுக்களுக்குக் கற்பித்து வந்தார்கள். அமடேயஸ் என்ற பெயரில் மட்டும் மேடை ஏறவில்லை. பிரைனின் 2005 இலும், நிஸல் 2008 இலும், லவெட் 2020 இலும் மறைந்தனர். ஷிட்லாஃப் வாசித்த வியோலா 1719 இல் ஸ்டிராடிவாரி செய்தது. 2014 இல் அது லண்டனில் விற்பனைக்கு வந்தது. குறைந்த விலை 4 கோடியே 50 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். அன்று அதை வாங்குவார் எவரும் இல்லை.