கணையக் கல்லும் அதன் நிழலும்

வயிறு ஸ்கேனுக்கு ஏன் வெறும் வயித்தோட வரச் சொல்றாங்க? ஒரு காரணம் கணையம். அது இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. நடுவில் வாயு இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஒலி அதைத் தாண்டிப் போகாது.

திடீர் அழற்சி வந்தால் கணையம் வீங்கி, நீர் கோர்த்து, வழக்கத்தைவிடக் கறுப்பாகத் தெரியும். நாள்பட்ட அழற்சியில் அது சுருங்கிவிடும், நாளம் விரியும். உள்ளே கற்கள் இருந்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஒலி கல்லைத் துளைக்காததால் பின்னால் ஒரு கறுப்பு நிழல் விழும்.

இந்தக் கல்லுக்கும் நம்ம பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. 1959இல் இந்தோனேசியாவில் ஸ்யூடெமா இதை விவரித்தார். பிறகு கேரளத்தில் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளிடம் கண்டார். குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினர். முதலில் வயிற்றுவலி, பிறகு சர்க்கரை நோய். தமிழ்நாட்டிலும் இது உண்டு.

அதனால ஒல்லியான இளைஞருக்குச் சர்க்கரையும், அடிக்கடி மேல்வயித்து வலியும் சேர்ந்து இருந்தா, அல்சர்னு விட்டுடாதீங்க. கணையத்தைப் பார்த்தாச்சான்னு டாக்டரிடம் கேளுங்க. ரிப்போர்ட்டில் 'வாயுவால் கணையம் சரியாகத் தெரியவில்லை' என்றிருந்தால், அது நார்மல் என்று அர்த்தமில்லை. இன்னும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்து சி.டி. ஸ்கேன் வேணுமான்னு கேட்டுடுங்க.