அழையா விருந்தாளிகள்

அழைக்காமலே வந்து, இடங்கொடுத்தவர் உடலையே உணவாக்கும் விருந்தாளிகளை அறிவீர்களா? அவையே ஒட்டுண்ணிகள். இடங்கொடுக்கும் உயிருக்கு விருந்தோம்பி என்று பெயர்.

வட அமெரிக்காவில் வளை தோண்டித் தனித்து வாழும் கோஃபர் என்னும் கொறிக்கும் பிராணி உண்டு. அதன் பேனுக்குத் தலையில் சிறு பள்ளம் உள்ளது. அப்பள்ளத்தில் ஒரு முடியைப் பொருத்தி அது பற்றிக்கொள்ளும். தடித்த முடியுள்ள இனத்தின் பேனுக்கு அப்பள்ளம் அகலமாகவும், மெல்லிய முடியுள்ள இனத்தின் பேனுக்குக் குறுகலாகவும் அமைந்திருக்கும். ஆதலால், முடியின் பருமன் வேறான இனத்தில் அது நிலைப்பது கடினம். பெரும்பாலும் தாயிடமிருந்தே குட்டிக்குப் பரவுகிறது.

எலித் தெள்ளுப்பூச்சியோ வேறு விதம். எலி இறந்து உடல் குளிர்ந்ததும் வேறு சூடான உடலைத் தேடித் தாவும். எலி கிடைக்காவிட்டால் மனிதரையும் கடிக்கும். பிளேக் நோய் இவ்வாறு பரவுவதை 1898இல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டறிந்தார்.

ஒரே வீட்டில் ஒட்டிக்கொண்ட பேனால் நமக்குத் தீங்கில்லை; வீடு மாறும் தெள்ளுப்பூச்சியாலேயே ஆபத்து. எனவே தோழியரே, செத்த எலியைக் கண்டால் அருகில் செல்லாதீர்கள். பெரியவர்களிடம் உடனே கூறுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி