ஆர்ம்-1: மின் இணைப்பு இல்லாமலே ஓடிய சில்லு
கேம்பிரிட்ஜ், இங்கிலாந்து, 1985

பள்ளிக்கூடங்களுக்குப் பி.பி.சி. மைக்ரோ கணினியைத் தந்த ஏகார்ன் நிறுவனம், 1983-இல் அடுத்த கணினிக்குச் சில்லு தேடியது. சந்தையில் கிடைத்த 16-பிட் சில்லுகள் அந்நிறுவனப் பொறியாளர்களான சோஃபி வில்சனுக்கும் ஸ்டீவ் ஃபர்பருக்கும் நிறைவளிக்கவில்லை. நினைவகத்தின் வேகத்தை அவை முழுதாகப் பயன்படுத்தவில்லை. சொந்தமாகவே ஒன்றைச் செய்யத் துணிந்தார்கள்.

கட்டளைத் தொகுதியை வகுத்தவர் வில்சன். உள்கட்டமைப்பு ஃபர்பருடையது. கட்டளைகள் எளிமையாக இருக்கட்டும், விரைந்து முடியட்டும் என்ற ‘ரிஸ்க்’ முறையைப் பின்பற்றினார்கள். டிரான்சிஸ்டர்கள் சுமார் 25,000தான். 1985-இல் வெளிவந்த இன்டெல் 386-இல் 2,75,000!

1985 ஏப்ரல் 26 அன்று கைக்கு வந்த ஆர்ம்-1 சில்லு, முதல் முயற்சியிலேயே இயங்கியது. அது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் அளந்தார். மானி பூஜ்யம் காட்டியது. சோதனைப் பலகையில் இருந்த கோளாறால் சில்லுக்கு மின்சாரமே போகவில்லை. பக்கத்துச் சுற்றுகளின் சமிக்ஞைகள் வழியே கசிந்து வந்ததைக் கொண்டே அது ஓடிக்கொண்டிருந்தது. விலை குறைந்த பிளாஸ்டிக் உறை சூட்டைத் தாங்க வேண்டுமே என்பதற்காகத்தான் இந்தச் சிக்கனம். கைப்பேசியை அன்று யாரும் மனத்தில் வைத்திருக்கவில்லை.

1990-இல் ஆர்ம் தனி நிறுவனமானது. நோக்கியா 6110 கைப்பேசியில் இருந்தது இந்த வம்சத்துச் சில்லு. இந்த விளக்கப் பலகையைப் படமெடுக்க நீங்கள் உயர்த்தும் கைப்பேசிக்குள்ளும் பெரும்பாலும் அதன் வாரிசுதான் இருக்கும்.