கிழிந்த பக்கத்துக்குக் கஞ்சிப் பசை

'தாத்தாவின் பழைய அகராதியில் கிழிந்த பக்கங்களைச் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருந்தேன். டேப் உதிர்ந்துவிட்டது, பழுப்புப் பட்டை போகவில்லை. என்ன செய்வது?' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

கறைக்குக் காரணம் டேப்பின் பின்பக்கத்து ரப்பர் பசை. அது முழுதாகக் காய்வதில்லை. எண்ணெய்போல் காகித நார்களுக்குள் இறங்குகிறது. அங்கே ஆக்ஸிஜன் சேரச் சேர மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிப் பழுப்பாகின்றன. அதன்பின் கரைப்பான்களுக்கும் எளிதில் மசியாது.

பழமையான கையெழுத்துப் பிரதிகளான சாக்கடல் சுருள்களுக்கே இந்தக் கதி நேர்ந்தது. 1950களில் ஜெருசலேமில் அறிஞர்கள் துணுக்குகளை டேப்பால் இணைத்தார்கள். 1991இல் அமைந்த பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அந்தப் பசையை அகற்றுவதே முக்கிய வேலையானது. அப்படியானால் எதைக்கொண்டு ஒட்டுவது?

பெரிய நூலகங்களின் பழுதுபார்க்கும் மேசைகளில் இருப்பது கோதுமை மாவுச்சத்துப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும்தான். மாவுச்சத்தும் காகிதத்தின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிகளே. பசை காயும்போது இரண்டுக்கும் இடையே கணக்கற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. தனித்தனியே அவை பலவீனமானவை. சேர்ந்தால் கிழிசலைத் தாங்கும். ஈரம் பட்டால் நீர் மூலக்கூறுகள் நடுவே புகுந்து அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, ஒட்டு மெல்ல விட்டுக்கொடுக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

வேட்டிக்குப் போடும் கஞ்சியும் மாவுச்சத்துதான். பருத்தியும் செல்லுலோஸ்தான். கஞ்சி நீர்த்தால் வேட்டி துவளும், பசை நீர்த்தால் தாள் நெளியும். கெட்டியானால் வேட்டி மடிப்பில் முறியும், பக்கமும் அப்படியே. மழையில் நனைந்தால் இரண்டும் தளரும். துவைத்துவிட்டு மறுபடி கஞ்சி போடலாம். பக்கத்தையும் பிரித்து மறுபடி ஒட்டலாம்.

'ஆசிட் இல்லாதது', 'நூறாண்டு நிற்கும்' என்று விற்கும் டேப்புகளையும் பசைகளையும் நான் நம்புவதில்லை. நாளை ஒருவர் புத்தகத்துக்குச் சேதமில்லாமல் இந்த ஒட்டைப் பிரிக்க முடியுமா என்பதே என் கேள்வி.

வாசகருக்கு: கறையைச் சுரண்டாதீர்கள், தின்னர் தடவாதீர்கள், மை கலையும். கறையை நூல் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள். புதிய கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளை ஓரம் பிசிறாகும்படி கையால் கிழித்து, பசை தடவி ஒட்டி, கனம் வைத்துக் காயவிடுங்கள். பைண்டரிடம் கொடுத்தால், பூச்சிக்காகப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதிலுள்ள செம்பு காகிதத்தின் சிதைவை விரைவாக்கும்.